வீட்டுக் கூரையில் சூரிய மின்தகடு: வாங்குமுன் அறியவேண்டுவன

விளக்கெரியவும், விசிறி சுழலவும், தார் சுற்றும் இயந்திரம் ஓடவும், கிணற்று நீரை மேலேற்றவும் மின்சாரம் வேண்டும். நெசவாளர் குடும்பமாயினும் பயிர்த்தொழில் செய்யும் குடும்பமாயினும் மின்கட்டணம் இன்று நிலையான வீட்டுச் செலவாகிவிட்டது. அச்செலவைக் குறைக்க வல்லதெனப் பலராலும் பேசப்படுவது, சோலார் பேனல் என எல்லோரும் வழங்கும் சூரிய மின்தகடு. நகரங்களில் மட்டுமே காணப்பட்ட இச்சாதனம் இப்போது சிற்றூர்க் கூரைகளிலும் ஏறியிருக்கிறது.

சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் இடங்களில் உறுப்பினர்கள் நம்மிடம் கேட்கும் கேள்விகளுள் இதுவும் ஒன்றாயிற்று. “புதுவகைத் தகடு வந்துவிட்டதாம், பழையதைவிட மேலானதாம், கடன் வாங்கிப் போடலாமா?” என்கின்றனர். இக்கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடையளித்தல் முறையன்று. ஏனெனில், வாங்கப்படும் பொருள் இருபத்தைந்து ஆண்டுகள் கூரையில் இருக்க வேண்டியது. வாங்கும் கடனோ மாதந்தோறும் அடைக்க வேண்டியது. தகடுகளில் ஏற்பட்டுள்ள முன்னேற்றம் உண்மையானதே. ஆயினும், விற்பவர் எடுத்துக்கூறும் ஒவ்வொரு முன்னேற்றமும் நம் கூரைக்குப் பயன்படுவதன்று. எது பயன்படும், எது வெறும் பெயரளவில் நிற்கும் என்பதை உறுப்பினர்கள் தாமே பிரித்தறிதல் வேண்டும். அதற்கு வேண்டிய செய்திகளை இங்கே தொகுத்துக் கூறுவோம்.

தகடு வேலை செய்யும் விதம்

மணலிலிருந்து பிரித்தெடுக்கப்படும் சிலிக்கான் என்னும் தனிமமே பெரும்பாலான தகடுகளுக்கு மூலப்பொருள். நன்கு தூய்மையாக்கிய சிலிக்கானைக் கட்டியாக வளர்த்து, மிக மெல்லிய வில்லைகளாக அறுக்கின்றனர். வில்லையின் ஒரு பக்கத்தில் பாஸ்பரஸ், மறுபக்கத்தில் போரான் என்றவாறு வேறுவேறு பொருள்களைச் சிறிதளவு சேர்த்தால், அவ்விரு பகுதிகளும் கூடுமிடத்தில் ஒரு மின்புலம் உண்டாகிறது. வெயில் பட்டவுடன் சிலிக்கானிலுள்ள எலெக்ட்ரான்கள் விடுபடுகின்றன. அம்மின்புலம் அவற்றை ஒரே திசையில் தள்ளுகிறது. மேலே இழுக்கப்பட்டுள்ள மெல்லிய வெள்ளிக் கோடுகள் அவற்றைத் திரட்டிக் கம்பிக்கு அனுப்புகின்றன. இவ்வாறு அமைந்த ஒரு வில்லைக்குக் கலம் என்று பெயர். அறுபது, எழுபத்திரண்டு எனப் பல கலங்களைக் கோத்துக் கண்ணாடிக்கடியில் அடைத்ததே தகடு.

உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் ஏறத்தாழ 1000 வாட் அளவுள்ள ஒளி விழுகிறது. அதில் 200 வாட்டை ஒரு தகடு மின்சாரமாக்கினால், அதன் திறன் 20 சதவிகிதம் என்கிறோம். எஞ்சியதில் பெரும்பகுதி வெப்பமாகிறது. ‘திறன்’ என்று விலைப்பட்டியலில் காணப்படும் சொல்லுக்குப் பொருள் இதுவே.

1954 முதல் இன்றுவரை

ஒளியினால் மின்சாரம் பிறக்கும் உண்மையை 1839ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டு எட்மண்ட் பெக்கரல் கண்டறிந்தார். எனினும், அது வேலைக்குதவும் சாதனமாக உருப்பெற நூறாண்டுகளுக்கு மேலாயின. 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சேப்பின், ஃபுல்லர், பியர்சன் என்னும் மூவர் சிலிக்கான் கலத்தைச் செய்து காட்டினர். அதன் திறன் 6 சதவிகிதம். நான்காண்டுகள் கழித்து, 1958இல் விண்ணில் ஏவப்பட்ட வான்கார்டு என்னும் செயற்கைக்கோளில் அத்தகைய கலங்கள் பொருத்தப்பட்டன. வீட்டுக் கூரைக்கு அவை எட்டாத விலையில் இருந்தன. 1970களின் நடுவில்கூட, இன்றைய பண மதிப்பில் கணக்கிட்டால், ஒரு வாட் திறனுள்ள தகட்டுக்கு நூறு டாலர் அளவில் விலையாயிற்று. 2020களில் அவ்விலை அரை டாலருக்கும் கீழே இறங்கியது.

இவ்வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. தொழிற்சாலைகள் பெருகின. வைரத்தூள் பதித்த கம்பியால் வில்லைகளை அறுக்கும் முறை வந்ததால், அறுவைத் தூளாக வீணாகும் சிலிக்கான் குறைந்தது. விலை குறைந்த அதே காலத்தில் திறனும் உயர்ந்தது. 2010ஆம் ஆண்டையொட்டி வீடுகளுக்கு விற்கப்பட்ட தகடுகளின் திறன் பெரும்பாலும் 14 முதல் 16 சதவிகிதம். இன்று விற்கப்படும் நல்ல தகடுகள் 21 முதல் 23 சதவிகிதம் வரை தருகின்றன.

முதுகுப்புறத்தில் நேர்ந்த மாற்றம்

இந்த உயர்வு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் கலத்தின் முதுகுப்புறத்தைச் சீர்செய்ததனால் வந்தது எனலாம். பழைய கலங்களில் முதுகு முழுவதும் அலுமினியம் பூசப்பட்டிருந்தது. ஒளியால் விடுபட்ட எலெக்ட்ரான்களில் ஒரு பகுதி அந்த உலோகத்தை அடைந்து வீணாயிற்று. கரை உடைந்த வாய்க்காலில் பாதி நீர் வழியிலேயே ஊறிப்போவதைப் போன்ற இழப்பு இது.

1980களில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிரீன் தலைமையிலான குழுவினர் இதற்கு ஒரு வழி கண்டனர். முதுகில் மெல்லிய காப்புப் படலத்தை இட்டு, சிறுசிறு திறப்புகளின் வழியே மட்டும் உலோகம் தொடுமாறு செய்தனர். ‘பெர்க்’ என்று விலைப்பட்டியல்களில் காணப்படும் வகை இதுவே. ஆய்வுக்கூடத்தில் பிறந்த இம்முறை தொழிற்சாலைகளில் பரவிச் சந்தையில் முதலிடம் பெற முப்பதாண்டுகள் ஆயின.

அடுத்த படி ‘டாப்கான்’ என்னும் வகை. ஜெர்மனியின் ஃபிரவுன்ஹோஃபர் சூரிய ஆற்றல் ஆய்வு நிலையத்தார் 2013இல் இதனை வெளியிட்டனர். சிலிக்கானுக்கும் உலோகத்துக்கும் இடையே கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய ஆக்ஸைடு படலம் ஒன்றும், அதன்மேல் வேறொரு சிலிக்கான் படலமும் அமைகின்றன. எலெக்ட்ரான்கள் படலத்தைக் கடந்து செல்லும், வீணாவது குறையும். 2023க்குப் பிறகு உலகச் சந்தையில் இவ்வகையே பெர்க்கின் இடத்தைப் பிடித்தது. ஜப்பானில் சான்யோ நிறுவனத்தார் 1990களில் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘ஹெட்டரோஜங்ஷன்’ என்னும் வகையும் உண்டு. அது திறன் மிக்கது, விலையும் சற்றுக் கூடியது.

பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டுவதில்லை. இவ்வகைகளால் நம் வீட்டுக்கு விளையும் நன்மை யாது என்பதே கருத்தில் கொள்ளத்தக்கது.

முதலில் கேட்க வேண்டியது சூட்டைப் பற்றி

வெயில் மிகுந்தால் தகடு மிகுதியாக மின்சாரம் தரும் என்று எண்ணுவது இயல்பு. ஒளி மிகுந்தால் தரும் என்பது உண்மை; சூடு மிகுந்தால் குறையும் என்பதும் உண்மை. தகட்டின் முதுகில் ஒட்டியுள்ள சீட்டில் 540 வாட் என்று அச்சிடப்பட்டிருந்தால், அது கலத்தின் சூடு 25 டிகிரியாக இருக்கும்போது ஆய்வுக்கூடத்தில் அளந்த அளவு. சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் கிடக்கும் கலத்தின் சூடு 65 டிகிரியை எட்டக்கூடும். அப்போது 540 வாட் கிடைக்காது.

ஒவ்வொரு டிகிரிச் சூட்டுக்கும் எவ்வளவு குறையும் என்பதைக் காட்டும் எண் ஒன்று விவரச்சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும். பழைய வகைகளுக்கு அது 0.40 சதவிகிதத்துக்கு மேல். பெர்க் வகைக்கு ஏறத்தாழ 0.35, டாப்கானுக்கு 0.29 அல்லது 0.30; ஹெட்டரோஜங்ஷனுக்கு 0.25 அளவில். 65 டிகிரிச் சூடு என்றால் 25க்கு மேல் 40 டிகிரி. ஆகவே 540 வாட் எனச் சீட்டு ஒட்டிய பெர்க் தகடு அச்சூட்டில் 14 சதவிகிதம் இழந்து 464 வாட் தரும். அதே சீட்டுடைய டாப்கான் தகடு 477 வாட்டும், ஹெட்டரோஜங்ஷன் தகடு 486 வாட்டும் தரும். சீட்டில் ஒரே எண். கூரையில் வேறு வேறு விளைவு.

குளிர்நாடுகளில் இவ்வேறுபாட்டைப் பெரிதாகக் கருதமாட்டார்கள். ஆண்டில் பெரும்பகுதி வெயில் காயும் நமக்கு இதுவே முதன்மையான முன்னேற்றம். எனவே விலை கேட்குமுன் சூட்டு இழப்பு எண்ணைக் கேட்க வேண்டும். தகட்டைக் கூரையோடு ஒட்டிவைக்காமல், கீழே காற்றோடுமாறு இடைவெளி விட்டுப் பொருத்தினால் சூடு இன்னும் குறையும். இதற்கு மிகுந்த செலவில்லை; பொருத்துபவர் கவனம் செலுத்தினால் போதும்.

இடமும் நிழலும்

திறன் உயர்ந்ததன் நேரான பயன் இடச் சிக்கனம். பழைய 250 வாட் தகடு ஒன்றின் பரப்பு ஏறத்தாழ 1.6 சதுர மீட்டர். மூன்று கிலோவாட்டுக்குப் பன்னிரண்டு தகடுகள் வேண்டியிருந்தன. தகடுகளுக்கு மட்டும் 19 சதுர மீட்டருக்கு மேல் இடம் பிடித்தது. இன்றைய 540 வாட் தகடு 2.6 சதுர மீட்டர். ஆறு தகடுகள் 15.6 சதுர மீட்டரில் அடங்கி, மூன்று கிலோவாட்டுக்குச் சற்று மேலாகவே தரும். இரண்டு செண்டு மனையில் தறிக்கூடமும் வீடுமாகக் கட்டியிருக்கும் நெசவாளருக்கு இவ்வேறுபாடு பெரிது. விசாலமான மாடியுடைய விவசாயிக்கு அவ்வளவு பெரிதன்று. அவர் திறனில் ஓரிரு சதவிகிதம் கூடுதல் என்பதற்காக மிகுந்த விலை கொடுக்க வேண்டுவதில்லை.

நிழல் வேறொரு செய்தி. தகட்டிலுள்ள கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டவை. ஒரு மடை அடைபட்டால் அதற்கப்பாலுள்ள வயலுக்கு நீர் பாயாததுபோல, ஒரு கலத்தின்மேல் நிழல் விழுந்தால் அந்த வரிசை முழுவதும் தளரும். தண்ணீர்த் தொட்டி, தென்னை மட்டை, கொடிக்கம்பி ஆகியவற்றின் நிழல்கூடப் போதும். இதற்காகத் தகட்டுக்குள் மாற்றுவழி தரும் டயோடுகள் பொருத்தப்பட்டிருக்கும். அண்மைக் காலத்தில் கலங்களை இரண்டாக வெட்டி, தகட்டின் மேற்பாதியும் கீழ்ப்பாதியும் தனித்தனியே வேலை செய்யுமாறு அமைக்கின்றனர். அரைக்கலத் தகடு என்பது இதுவே. கம்பியில் பாயும் மின்னோட்டம் பாதியாவதால் கம்பிச் சூட்டினால் நேரும் இழப்பு நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. கீழ்ப்பாதியில் நிழல் விழுந்தாலும் மேற்பாதி தொடர்ந்து உழைக்கிறது. இது பயனுள்ள முன்னேற்றம். ஆயினும், காலை ஒன்பது மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரை நிழல் விழும் இடத்தில் எவ்வகைத் தகட்டையும் பொருத்துதல் வீண்.

நம் மாநிலம் வடக்கு அகலாங்கு 8 டிகிரிக்கும் 13.5 டிகிரிக்கும் இடையில் உள்ளது. தெற்கு நோக்கி ஏறத்தாழ 10 முதல் 13 டிகிரி சாய்வு போதுமானது. ஓட்டு வீட்டின் கூரை கிழக்கும் மேற்குமாகச் சரிந்திருந்தால் கலங்க வேண்டாம். நம் பகுதியில் அதனால் நேரும் இழப்பு சிறிதே.

பெயரளவில் நிற்கும் முன்னேற்றங்கள்

இருபுறமும் ஒளி வாங்கும் தகடு என்று ஒன்று விற்கப்படுகிறது. தரையிலிருந்து பட்டுத் திரும்பும் ஒளியை முதுகுப்புறத்தாலும் வாங்கிக்கொள்வது அதன் சிறப்பு. திறந்த வெளியில் உயரமாக நிறுத்தினால் உண்மையாகவே கூடுதல் மின்சாரம் தரும். சுண்ணாம்போ வெள்ளைப் பூச்சோ பூசிய மாடியில், ஆள் நடமாடும் உயரத்தில் பந்தல்போல் அமைத்தாலும் ஓரளவு பயனுண்டு. ஓட்டுக்கூரைமேல் தாழப் பொருத்தினால் முதுகுக்கு ஒளியே எட்டாது. அத்தகைய வீட்டுக்கு இருபுறச் சிறப்பைக் காட்டி விலையை உயர்த்தினால் உறுப்பினர்கள் அதனை ஏற்க வேண்டியதில்லை.

பெரோவ்ஸ்கைட் என்னும் வேறொரு பொருளைச் சிலிக்கானின்மேல் பூசி ஆய்வுக்கூடத்தில் 34 சதவிகிதத்துக்கு மேல் திறன் கண்டுள்ளனர். சிலிக்கான் மட்டும் தரக்கூடிய மேல்வரம்பு ஏறத்தாழ 29 சதவிகிதமே என்பதை நோக்க, இது பெரிய முன்னேற்றந்தான். ஆயினும் ஈரமும் சூடும் அப்பொருளை விரைவில் கெடுப்பதால், நம் கூரையில் இருபத்தைந்து ஆண்டுகள் நிற்கும் என்ற நிலையை அது இன்னும் எய்தவில்லை. அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். அதன் பெயரைச் சொல்லி எவரேனும் விற்க வந்தால் நம்பவும் வேண்டாம்.

ஆண்டுதோறும் தேயும் அளவு

தகடும் தேயும் பொருளே. பெர்க் வகைத் தகடுகளுக்கு உற்பத்தியாளர் தரும் உறுதிமொழி பெரும்பாலும் இவ்வாறிருக்கும்: முதலாண்டில் 2 சதவிகிதம் குறையலாம், பின்னர் ஆண்டுக்கு 0.55 சதவிகிதம். இக்கணக்கின்படி இருபத்தைந்தாம் ஆண்டின் முடிவில் எஞ்சுவது ஏறத்தாழ 85 சதவிகிதம். டாப்கானுக்கு முதலாண்டில் 1 சதவிகிதமும் பின்னர் ஆண்டுக்கு 0.4 சதவிகிதமும் என்பது வழக்கம். அவ்வாறாயின் எஞ்சுவது 89 சதவிகிதத்துக்கு மேல். புதிய வகையின் இரண்டாவது நன்மை இதுவாகும்.

இங்கே ஒன்றை வேறுபடுத்தி அறிய வேண்டும். மேற்கண்டது உற்பத்தி அளவுக்கான உறுதி. தகடு உடைதல், நீர் புகுதல், சட்டம் பிரிதல் முதலிய குறைகளுக்கான உறுதி வேறு. அதன் காலம் பெரும்பாலும் பத்து, பன்னிரண்டு ஆண்டுகளே. இரண்டையும் எழுத்தில் பெறுதல் அவசியம். மேலும், தகட்டின்மேல் மிதித்து ஏறினால் கலங்களில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் உண்டாகும். பொருத்தும் நாளில் வேலையாள் தகட்டின்மேல் நடப்பாரானால் அன்றே தடுக்க வேண்டும்.

யூனிட்டுக் கணக்கு

இனிக் கடன் வாங்குவோர் மிகவும் கருதவேண்டிய பகுதிக்கு வருவோம். நம் பகுதியில் ஒரு கிலோவாட் தகடு ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட்டு தரும். இரண்டு மாதத்துக்கு 240 யூனிட்டு. மழைக்காலத்தில் குறையும், கோடையில் கூடும்.

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட்டு இலவசம் என்பது 2016 முதல் வழங்கப்பட்ட சலுகை. கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச அளவு 2023இல் 300 ஆகவும், விசைத்தறிக்கு 750 ஆக இருந்தது 1000 ஆகவும் உயர்த்தப்பட்டன. இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டைத் தகட்டால் ஈடுசெய்வதில் ரூபாய்க் கணக்கில் இலாபமில்லை. ஆதலால், மின்கட்டணச் சீட்டிலுள்ள மொத்த யூனிட்டிலிருந்து இலவச யூனிட்டைக் கழித்துவிட்டு, எஞ்சியதற்கே தகட்டின் அளவைக் கணக்கிட வேண்டும்.

இரண்டு குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். முதற் குடும்பம் இரண்டு மாதத்தில் 260 யூனிட்டு செலவழிக்கிறது. 100 யூனிட்டு இலவசம் போகக் கட்டணம் செலுத்துவது 160க்கு மட்டுமே. ஒரு கிலோவாட் தகடே இதற்கு மிகுதி. இக்குடும்பத்துக்கு மூன்று கிலோவாட் விற்பவர், அக்குடும்பத்தின் தேவையைக் கருதவில்லை. இரண்டாம் குடும்பம் 700 யூனிட்டு செலவழிக்கிறது. இரண்டு கிலோவாட் தகடு 480 யூனிட்டு தந்தால் மின்வாரியத்திடம் வாங்குவது 220 ஆகக் குறையும். யூனிட்டு ஏற ஏறக் கட்டணவீதமும் படிப்படியாக ஏறுவதால், தகடு முதலில் வெட்டுவது மேற்படியிலுள்ள விலையுயர்ந்த யூனிட்டுகளை. ஆகவே இரண்டாம் குடும்பத்துக்குத் தகட்டின் முதல் விரைவில் திரும்பும்; முதற் குடும்பத்துக்கு அவ்வளவு விரைவில் திரும்பாது.

ஓரூரில் உறுப்பினர் ஒருவர் ஐந்து கிலோவாட்டுக்கான விலைப்பட்டியலுடன் கடன் விண்ணப்பம் கொண்டுவந்தார். அவருடைய கடந்த ஆறு சீட்டுகளையும் கூட்டிப் பார்த்ததில் இரண்டு மாதச் சராசரி 300 யூனிட்டுக்கும் குறைவு. பட்டியலில் தகட்டின் திறன், வகை, உறுதிமொழி யாவும் சரியாகவே இருந்தன. அளவு ஒன்றுதான் தவறு. நல்ல பொருளைத் தேவைக்கு மேல் வாங்கினாலும் கடன் கடன்தான். ஆறு சீட்டுகளைக் கூட்டும் இச்சிறு வேலையை ஒவ்வோர் உறுப்பினரும் வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

இன்வெர்ட்டரும் பேட்டரியும்

தகடு தருவது நேர்மின்னோட்டம். வீட்டுக்கு வேண்டியது மாறுமின்னோட்டம். மாற்றித் தரும் சாதனம் இன்வெர்ட்டர். தகடு இருபத்தைந்து ஆண்டு நின்றாலும் இன்வெர்ட்டரின் ஆயுள் பொதுவாகப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகளே. இடையில் ஒருமுறையேனும் மாற்ற நேரும். சங்கக் கணக்கில் தேய்மான நிதி ஒதுக்குவதுபோல, வீட்டிலும் மாதந்தோறும் ஒரு சிறு தொகையை இதற்கென ஒதுக்கிவைத்தல் நலம்.

பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. மின்வாரியக் கம்பியோடு இணைந்த சாதாரண இன்வெர்ட்டர், மின்தடை ஏற்பட்டவுடன் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்பவரின் உயிரைக் காப்பதற்கான ஏற்பாடு அது. நல்ல வெயிலில் மின்தடை நேர்ந்தபோது விசிறி நின்றுவிட்டதே என்று வாங்கியவர் மனம் நோவதில் பயனில்லை. தடைக்காலத்திலும் மின்சாரம் வேண்டுமாயின் பேட்டரியோடு கூடிய இருவகை இன்வெர்ட்டர் வேண்டும், செலவும் கூடும்.

பேட்டரியிலும் முன்னேற்றம் உண்டு. காரீய அமிலப் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலிசெய்தால் ஆயுள் குறையும். காய்ச்சி வடித்த நீரும் ஊற்றிவர வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் 80 சதவிகிதம் வரை பயன்படுத்தலாம். சில ஆயிரம் முறை ஏற்றி இறக்கினாலும் தாங்கும். நீர் ஊற்றும் வேலை இல்லை. விலை மட்டும் கூடுதல். மின்தடை அரிதாக உள்ள ஊர்களில் பேட்டரி இன்றி அமைப்பதே சிக்கனம்.

உதவித்தொகையும் சான்றும்

2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் மைய அரசாங்கம் பிரதம மந்திரி சூர்ய கர் என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. 2026-27ஆம் நிதியாண்டுக்குள் ஒரு கோடி வீடுகளில் தகடு அமைப்பது அதன் குறிக்கோள். அத்திட்டத்தில் வகுக்கப்பட்ட உதவித்தொகை முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய். மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். மூன்றும் அதற்கு மேலும் எனில் மொத்தம் 78,000 ரூபாய். மூன்றுக்கு மேல் கிலோவாட்டைக் கூட்டினால் உதவித்தொகை கூடாது என்பதைக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் செய்த கலங்களைக்கொண்டு இந்தியாவிலேயே இணைத்த தகடுகளுக்கே இவ்வுதவி உண்டு. அரசின் அங்கீகாரப் பட்டியலில் தகட்டின் மாதிரி இடம்பெற்றிருக்கிறதா என்பதையும் சரிபார்க்க வேண்டும். சூரிய மின்சாதனங்கள்மீதான சரக்கு சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது. விற்பனைச் சீட்டில் எவ்வளவு வரி போடப்பட்டிருக்கிறது என்று பார்த்தல் தகும்.

கவனித்துக்கொள்ளும் முறை

தகட்டுக்கு ஓடும் உறுப்பு ஏதுமில்லை. எனவே பராமரிப்பு எளிது. ஆயினும் புழுதி படிந்தால் உற்பத்தி குறையும். தறிகள் நிறைந்த தெருக்களில் பஞ்சுத்தூசி பறந்து படிவது மிகுதி. வாரம் ஒருமுறையோ இருமுறையோ, காலையிலோ மாலையிலோ, மெல்லிய துணியும் நீரும் கொண்டு துடைக்கலாம். உச்சிவெயிலில் காய்ந்த கண்ணாடியின்மேல் குளிர்நீர் ஊற்றலாகாது. உப்புக் கலந்த ஆழ்துளைக் கிணற்று நீர் வெள்ளைப் படிவத்தை விட்டுச் செல்லும்; துடைத்து உலர்த்த வேண்டும். துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம், உறுதியான பிடிமானம், நில இணைப்பு, இடிதாங்கி ஆகியவற்றில் சிக்கனம் பாராட்டக்கூடாது. 2018 நவம்பரில் வீசிய கஜா புயலைக் கண்ட டெல்டா மாவட்டத்தாருக்கு இதனை வற்புறுத்திக் கூற வேண்டுவதில்லை.

சங்கம் செய்யக்கூடியது

தனியொருவர் வாங்கும்போது விற்பவர் சொன்னதே விலை. அவர் காட்டியதே தகடு. இருபது உறுப்பினர்கள் சேர்ந்து வாங்கினால் நிலைமை மாறும். சங்கத்தின் வாயிலாக மூன்று நான்கு விற்பனையாளரிடம் ஒரே மாதிரியான படிவத்தில் விலை கேட்கலாம். அப்படிவத்தில் சூட்டு இழப்பு எண், ஆண்டுத் தேய்வு, இருவகை உறுதிமொழிகள், இன்வெர்ட்டரின் உறுதிக்காலம், ஐந்தாண்டுப் பராமரிப்பு ஆகிய ஐந்தும் எழுதப்பட வேண்டும். அறிந்த மின்பொறியாளர் ஒருவரைக்கொண்டு எல்லா வீடுகளையும் ஒரே முறையில் சோதிக்கலாம். கடன் வழங்குமுன் ஆறு மின்கட்டணச் சீட்டுகளை விண்ணப்பத்தோடு இணைக்கச் சொல்லலாம்.

கூட்டாகச் செய்வதன் ஆற்றலுக்குக் குஜராத் மாநிலம் கேடா மாவட்டத்திலுள்ள துண்டி என்னும் சிற்றூர் சான்றாகும். வீட்டுக் கூரையன்றி வயல்மேட்டில் எழுந்த முயற்சி அது. அவ்வூர் விவசாயிகள் அறுவர், சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனத்தின் உதவியோடு, சூரிய மின்சாரத்தால் இயங்கும் பம்புகளை அமைத்துக் கூட்டுறவுச் சங்கமாக இணைந்தனர். பாசனத்துக்குப் போக எஞ்சிய மின்சாரத்தை 2016 முதல் சங்கத்தின் பெயரால் மின்நிறுவனத்துக்கு விற்றனர். மின்சாரம் விற்று வருவாய் பெறலாம் என்றதும், நிலத்தடி நீரை வேண்டாத அளவு இறைக்கும் நாட்டம் குறைவதற்கும் வழி பிறந்தது. தனி விவசாயி ஒருவர் ஒரு மின்நிறுவனத்தோடு ஒப்பந்தம் பேசுதல் அரிது. அறுவர் கூடிய சங்கம் பேசிற்று.

சூரிய மின்தகடு உண்மையாகவே முன்னேறியிருக்கிறது. சூட்டில் குறைவாகத் தளர்கிறது, குறைந்த இடத்தில் அடங்குகிறது, மெதுவாகத் தேய்கிறது. ஆயினும் தேவைக்கு மேல் வாங்கியதையும், நிழலில் பொருத்தியதையும், படிக்காமல் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தையும் எந்த முன்னேற்றமும் ஈடுசெய்யாது. ஆகவே உறுப்பினர்கள் முதலில் மின்கட்டணச் சீட்டையும், அடுத்துக் கூரையின் நிழலையும், அதன் பின்னரே விற்பனையாளரின் பட்டியலையும் பார்க்க வேண்டும். அவ்வாறு கணக்கிட்டு வாங்கினால், கடன் அடைந்த பின்னரும் பல ஆண்டுகள் அத்தகடு குடும்பத்துக்கு உழைத்து வரும்.